வாசகர் கேள்வி – பதில்: ‘ஆர்மா 3’ ராணுவ விளையாட்டின் பலமும் பலவீனமும்

கணினி விளையாட்டுகள் குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விளையாட்டைப் பற்றியவை. செக் நாட்டைச் சேர்ந்த பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013 செப்டம்பரில் வெளியிட்ட ‘ஆர்மா 3’ பத்தாண்டுகள் கடந்தும் விளையாடப்படுகிறது. புதிதாக வருபவர்களைக் குழப்பவும் செய்கிறது. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் புகழ்ந்ததைக் கேட்டு ஆர்மா 3 வாங்கினேன். முதல் நாள் அரை மணி நேரம் நடந்தேன். பிறகு எங்கிருந்தோ வந்த ஒரு குண்டு பட்டு இறந்துபோனேன். சுட்டவரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இதில் அப்படி என்ன சிறப்பு?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு நேர்ந்ததுதான் இந்த விளையாட்டின் இயல்பு. பெரும்பாலான துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் எதிரி எங்கே நிற்பான், எந்தச் சுவர் எப்போது இடியும், எந்த நொடியில் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஆர்மா 3 அப்படி எழுதி வைப்பதை முடிந்த வரையில் தவிர்க்கிறது. நிலத்தின் மேடு பள்ளம், குண்டின் வேகம், ஒலி பரவும் வேகம், சுமை தூக்கி ஓடிய வீரரின் மூச்சிரைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ அதையே நிகழ்ச்சியாக ஏற்றுக்கொள்கிறது. இதன் நிறையும் குறையும் இந்த ஒரே பிடிவாதத்திலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

600 மீட்டர் தொலைவிலுள்ள குன்றிலிருந்து ஒருவர் உங்களைச் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையால் வேகம் குறைந்தும், புவியீர்ப்பால் சற்றே தாழ்ந்தும் பறக்கும் அந்தக் குண்டு ஏறத்தாழ ஒரு நொடிக்குள் உங்களை வந்தடையும். குறி தவறினால், முதலில் காதருகே சாட்டையைச் சொடுக்கியது போன்ற ஒரு வெடிப்பொலி கேட்கும். ஒலியைவிட வேகமாகச் செல்லும் குண்டு காற்றைக் கிழிப்பதால் எழும் ஒலி அது. துப்பாக்கி முழங்கிய ஒலியோ நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில்தான் பயணம் செய்ய முடியும் என்பதால், சற்றுப் பிந்தி, மந்தமாக வந்து சேரும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு, சுட்டவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று மதிப்பிடுவது உண்மையான ராணுவங்களில் கற்றுத்தரப்படும் முறை. அதே முறை இந்த விளையாட்டிலும் பலன் தருகிறது. முதல் ஒலி கேட்ட திசையில் திரும்பிச் சுடுபவர் ஏமாந்துபோவார்; இரண்டாவது ஒலிக்குக் காத்திருப்பவருக்குத்தான் சரியான திசை பிடிபடும். யாரும் பாடமாகச் சொல்லித் தராமல், ஒலியைக் கவனித்தே ஒருவர் இதைக் கற்றுக்கொள்ள முடிகிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சுவரின் தடிமனும் அது எதனால் கட்டப்பட்டது என்பதும் குண்டு ஊடுருவுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஓடி வந்து உடனே குறி பார்த்தால் துப்பாக்கி முனை ஆடும். கல்லின் மேலோ ஜன்னல் விளிம்பிலோ தாங்கிப் பிடித்தால் அடங்கும். நிற்பது, குந்துவது, படுப்பது என்ற மூன்று நிலைகளுக்கு இடையிலும் சற்றே உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்க முடியும் என்பதால், எட்டடிச் சுவரும் இடுப்பளவுச் சுவரும் உங்களுக்கு வெவ்வேறு பொருள் தரத் தொடங்கும். ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. பக்கவாட்டில் வீசும் காற்று குண்டை விலக்குவதில்லை. அதை வேண்டுபவர்கள் ரசிகர்கள் உருவாக்கிய ‘ஏஸ் 3’ என்ற மாட்-ஐ, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் நிரலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த அரை மணி நேர நடைக்கு வருகிறேன். எந்தப் பாதையில் நடப்பது, எந்த மேட்டுக்குப் பின்னால் மறைவது, திறந்த வெளியை எங்கே கடப்பது என்ற முடிவுகள்தான் இங்கே சண்டை. துப்பாக்கி பேசும் நேரத்தில் பெரும்பாலும் வெற்றி தோல்வி தீர்மானமாகிவிட்டிருக்கும். இந்தப் பொறுமை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கும் ஒருவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இந்த விளையாட்டுக்காகப் படம் எடுக்கப் போனவர்கள் உளவாளிகள் என்று கைதானார்களாமே, உண்மையா?
– திருச்சி வாசகர்

பதில்: உண்மைதான். விளையாட்டின் முக்கியக் களமான ஆல்டிஸ் தீவு, ஏஜியன் கடலில் உள்ள லெம்னோஸ் என்ற கிரேக்கத் தீவை அடிப்படையாகக் கொண்டது. 2012 செப்டம்பரில் அங்கே சென்றிருந்த நிறுவன ஊழியர்கள் இருவர், ராணுவ நிலையங்களைப் படம் எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். 129 நாட்கள் சிறையில் இருந்த பிறகு 2013 ஜனவரியில் பிணையில் விடுவிக்கப்பட்டனர். விளையாட்டிலும் முதலில் லிம்னோஸ் என்றே இருந்த தீவின் பெயர் அதன் பிறகு ஆல்டிஸ் என்று மாற்றப்பட்டது. உண்மைத் தீவின் பரப்பு ஏறக்குறைய 476 சதுர கிலோமீட்டர்; விளையாட்டில் உள்ளது 270. அருகிலேயே 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ட்ராடிஸ் என்ற சிறிய தீவும் தரப்பட்டிருக்கிறது.

கேள்வி: தனியாக விளையாடும்போது எனக்குக் கீழ் உள்ள, கணினியே இயக்கும் வீரர்கள் சொன்னபடி நடப்பதில்லை. வண்டியை ஓட்டச் சொன்னால் பாலத்தில் முட்டி நிற்கிறார்கள். எதிரிகளோ புதருக்குப் பின்னால் படுத்திருக்கும் என்னைக் கண்டுபிடித்துச் சுடுகிறார்கள். என் அமைப்பில் கோளாறா, விளையாட்டே இப்படித்தானா?
– மதுரை வாசகர்

பதில்: விளையாட்டே இப்படித்தான். இதை ஆர்மாவின் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன். நிறுவனத்தின் முதல் ராணுவ விளையாட்டான ‘ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட்’ 2001-இல் வந்த காலத்திலிருந்தே இருந்துவரும் குறை என்பதால், எளிதில் மன்னிக்கக் கூடியதும் இல்லை.

காரணம் முதல் பதிலில் சொன்ன அதே பிடிவாதம்தான். நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு தெருவில் மட்டும் சண்டை நடக்கும் என்றால், எதிரி எந்த மூலையில் ஒளிய வேண்டும், எந்தக் கதவு வழியே வர வேண்டும் என்று வடிவமைப்பாளர் கையாலேயே குறித்து வைக்கலாம். 270 சதுர கிலோமீட்டரில் எந்த இடத்திலும் சண்டை மூளலாம் என்றால் அப்படிக் குறித்து வைக்க வழியில்லை. கணினி வீரர் ஒவ்வொரு பாறையையும் வேலியையும் பாலத்தையும் தானாகவே புரிந்துகொண்டு வழி கண்டுபிடிக்க வேண்டும். திறந்த வெளியில் அது ஓரளவு நடக்கிறது. நீங்கள் ஒரு குன்றின் மேலிருந்து சுட்டுக்கொண்டிருக்கும்போது, எதிரி அணியின் ஒரு பகுதி பள்ளத்தாக்கு வழியே சுற்றி வந்து பக்கவாட்டில் தாக்குவதைக் காணலாம்; அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது தெரியும்போது வியப்பு கூடும். ஊருக்குள் நுழைந்ததும் அதே அணி தடுமாறிவிடும். வாசலில் நின்று தயங்குவார்கள், மாடிப்படி ஏறாமல் கீழே சுற்றுவார்கள், நடுத்தெருவில் படுத்துக்கொள்வார்கள். நான்கு வண்டிகள் வரிசையாகப் போகும் பணி (மிஷன்) என்றால், அவை ஒன்றையொன்று முட்டாமல் ஊர் போய்ச் சேருவதே அரிது.

கட்டளை இடும் முறையும் இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. வீரரைத் தேர்ந்தெடுக்க ஒரு விசை, பட்டியலைத் திறக்க ஒன்று, அதற்குள் இன்னொரு பட்டியல் என்று விரல்கள் அலைந்துகொண்டிருக்கும்போதே அந்த வீரர் சுடப்பட்டு விழுந்திருப்பார். வானொலியில் கேட்கும் குரல்களையும் சொல்ல வேண்டும். ‘எதிரி’, ‘வீரர்’, ‘நூறு மீட்டர்’, ‘முன்னால்’ என்று தனித்தனியே பதிவு செய்த துண்டுகளை ஒட்டித் தருவதால், தோழர் கண்ணெதிரே சாகும்போதும் அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் இருப்பதில்லை. குண்டின் பயணத்தை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டவர்கள் மனிதக் குரலை இப்படி விட்டுவைத்தது எனக்கு வருத்தம் தருகிறது.

இதற்கு மாற்று மனிதர்கள்தான். 2014 ஏப்ரலில் இலவசமாகச் சேர்க்கப்பட்ட ‘ஜீயஸ்’ முறையில், ஆட்டக்காரர்களில் ஒருவர் மேலிருந்து களத்தைப் பார்த்தபடி எதிரிகளை நிறுத்தி, நகர்த்தி, ஆட்டத்தை நடத்திச் செல்கிறார். முப்பது நாற்பது பேர் கூடி, வானொலி மாட்-களைச் சேர்த்துக்கொண்டு, அணித் தலைவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விளையாடும் குழுக்கள் பல நாடுகளில் உள்ளன. அங்கே மலை குறுக்கிட்டால் வானொலி ஓசை மங்கும். தொடர்பு அறுந்த அணி என்ன செய்வது என்று தானே முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஆர்மா 3 தன் முழு உயரத்தை அடைவது இத்தகைய ஆட்டங்களில்தான். தனியாக மட்டுமே விளையாடுவேன் என்பவருக்கு இதன் பாதிதான் கிடைக்கும்.

கேள்வி: புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியும் ஆட்டம் திக்கித் திணறுகிறதே?
– சேலம் வாசகர்

பதில்: பணம் செலவழிக்கும் முன்பு கேட்டிருக்கலாம். இந்த விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினின் வம்சம் 2001-ஆம் ஆண்டு விளையாட்டிலிருந்து தொடர்வது. கணக்குகளில் பெரும்பகுதியைப் பிராசஸரின் ஒரே மையத்தில் (கோர்) போட்டுத் திணறுகிறது. 2017-இல் வந்த 64 பிட் மேம்பாடு நினைவக நெருக்கடியைத் தீர்த்ததே தவிர, இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. பார்வைத் தொலைவையும், தொலைவில் தெரியும் பொருட்களின் அளவையும் குறைத்துப் பாருங்கள். பலர் இணையம் வழியே கூடி விளையாடும் சர்வர்களில் வேகம் குறைவது பெரும்பாலும் அங்கே ஓடும் பணியின் நிரல் எவ்வளவு சுமையானது என்பதைப் பொறுத்தது. அதற்கு உங்கள் கணினியில் மருந்து இல்லை.

கேள்வி: பப்ஜிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? அதை மொபைலில் விளையாடிய எனக்கு இது பிடிக்குமா?
– பள்ளி ஆசிரியர், விருதுநகர்

பதில்: பப்ஜியின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆர்மா 2-க்கு டீன் ஹால் 2012-இல் உருவாக்கிய ‘டேஇசட்’ என்ற மாட் பெரும் புகழ் பெற்றது. அதன் மேல் பிரெண்டன் கிரீன் என்ற ஐரிஷ்காரர், பலர் களத்தில் இறங்கிக் கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சும் ‘பேட்டில் ராயல்’ மாட்-ஐ அமைத்தார்; பிறகு அதை ஆர்மா 3-க்கும் கொண்டுவந்தார். அந்த அனுபவத்திலிருந்துதான் 2017-இல் பப்ஜி பிறந்தது. பப்ஜியின் முழுப் பெயரில் ‘பிளேயர்அன்நோன்’ என்று வருவது அவருடைய புனைபெயர்.

கருவிகளைத் திறந்து வைத்து, விரும்பியவர் விரும்பியதைச் செய்துகொள்ளுங்கள் என்று விட்டதுதான் ஆர்மாவின் அழியாத பலம். கூடுதல் தொகுப்புகளை விற்பதிலும் அதே நேர்மை தெரிகிறது. பெரும்பாலான தொகுப்புகளில், வாங்காதவரும் வாங்கியவரோடு ஒரே சர்வரில் சேர்ந்து விளையாடலாம். அந்தத் தொகுப்பிலுள்ள ஹெலிகாப்டரை ஓட்ட முடியாதே தவிர, பயணியாக ஏறிச் செல்லத் தடையில்லை. துப்பாக்கியைத் தாங்கி வைத்துச் சுடுவது போன்ற அடிப்படை வசதிகள் எல்லோருக்கும் இலவசமாகவே தரப்பட்டன. பப்ஜியின் வேகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வட்டம் சுருங்குவதற்கு முன்பு மேட்டில் படுத்துச் சுற்றும் முற்றும் பார்த்த அந்த அமைதியான நிமிடங்கள் உங்களுக்குப் பிடித்திருந்தால், இதுவும் பிடிக்கும்.

கேள்வி: ‘கதைப் பகுதி’ எப்படி?
– வேலூர் வாசகர்

பதில்: நடுத்தரம். விளையாட்டு வெளிவந்தபோது கதைப் பகுதியே அதில் இல்லை. ‘தி ஈஸ்ட் விண்ட்’ என்ற பெயரில் மூன்று அத்தியாயங்களாகப் பிறகு இலவசமாக வந்தது. 2035-ஆம் ஆண்டு, ஸ்ட்ராடிஸிலிருந்து வெளியேறத் தயாராகிக்கொண்டிருக்கும் நேட்டோ படை திடீரெனத் தாக்கப்பட, பென் கெர்ரி என்ற கீழ்நிலை வீரர் உயிர் பிழைக்க ஓடுவதில் கதை தொடங்குகிறது. ஆயுதம் பொறுக்கிக் காட்டில் மறைந்து திரியும் முதற்பகுதி நன்றாக அமைந்திருக்கிறது. போர் பெரிதாகப் பெரிதாகக் கணினி வீரர்களின் தடுமாற்றம் கதையையும் தடுமாறச் செய்கிறது.

கேள்வி: என் மகன் இதை விளையாடுகிறான். போரை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். ஷெல் விழுந்த ஊரிலிருந்து வந்த எங்களுக்குப் போர் ஒரு விளையாட்டுப் பொருளாக இருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த விளையாட்டில் சாதாரண சனங்களுக்கு ஏதாவது இடம் உண்டா?
– யாழ்ப்பாண வாசகி

பதில்: அம்மா, இங்கே வந்த கேள்விகளில் உங்களுடையதுதான் மிக முக்கியமானது. விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

விளையாட்டு வெளிவந்தபோது இருந்த நிலையைச் சொன்னால், இடம் இல்லை. ஆல்டிஸில் கவாலா, பிர்கோஸ் என்று நகரங்கள் இருக்கின்றன. தேவாலயங்களும் தோட்டங்களும் கடைத்தெருக்களும் இருக்கின்றன. ஆனால் பணியை வடிவமைத்தவர் தனியாகக் கொண்டுவந்து நிறுத்தினாலன்றி அங்கே ஒரு மனிதரும் இருக்க மாட்டார். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனால் பெரும்பாலான அறைகளில் கட்டிலோ அடுப்போ பாத்திரமோ இராது. நான் பார்த்த அளவில் விமர்சகர்கள் இதைக் கணினியின் சுமையைக் குறைக்கச் செய்த சமரசம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. குடியிருப்பவர்களே இல்லாத ஊரில் நடக்கும் போரில் பீரங்கி அடிக்க யாருக்கும் தயக்கம் வராது. குண்டு எப்படிப் பறக்கிறது என்பதில் இவ்வளவு உண்மையாக இருந்த விளையாட்டு, அது யார் வீட்டில் விழுகிறது என்பதில் அந்த உண்மையைக் காட்டவில்லை. காயத்தையும் சொல்ல வேண்டும்: முதலுதவிப் பையைப் பயன்படுத்தினால் சில நொடிகளில் வீரர் எழுந்து ஓடுகிறார்.

2017 செப்டம்பரில் வந்த ‘லாஸ் ஆஃப் வார்’, அதாவது போர்ச் சட்டங்கள் என்ற தொகுப்பு இந்தக் குறையை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஒத்துழைப்போடு உருவாக்கப்பட்ட தொகுப்பு அது. போர்க்களத்தைக் காட்டும் விளையாட்டுகள் போர்ச் சட்டங்களையும் காட்ட வேண்டும் என்று அந்தக் குழு 2013-லேயே கேட்டுக்கொண்டிருந்தது. தொகுப்பின் 2017-ஆம் ஆண்டு நிகர வருவாயில் பாதியாக 1,76,667 டாலரை நிறுவனம் அந்தக் குழுவுக்கு நன்கொடையாக வழங்கியது.

அந்தத் தொகுப்பின் கதையில் உங்கள் மகன் வீரராக வரமாட்டார். போர் முடிந்த பிறகு வெடிக்காத குண்டுகளை அகற்றும் நேத்தன் மேக்டேட் என்ற தொண்டு நிறுவனப் பணியாளராக வருவார். கையில் உணர்கருவியோடு ஓரியோகாஸ்ட்ரோ என்ற சிதைந்த கிராமத்துக்குள் நடக்க வேண்டும். ஒரு பத்திரிகையாளர் தொலைபேசியில் கேள்விகள் கேட்டபடி இருப்பார். வழியில் கிடக்கும் ஒவ்வொரு பொருளின் அருகிலும், அந்த இடத்தில் முன்பு நடந்தது வெவ்வேறு மனிதர்களின் பார்வையில் விரியும். பிறகு மறுபடியும் நிகழ்காலம். மறுபடியும் ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கும் நடை. பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் கொத்துக்குண்டைப் போடும் வசதியும் இதே தொகுப்போடுதான் வந்தது. போட்டவருக்கு அது சில நொடி வேலை. வெடிக்காமல் மண்ணில் கிடப்பதை அகற்றுபவருக்கு எத்தனை நாள் வேலை என்பதை அதே விளையாட்டு அடுத்த பணியில் காட்டிவிடுகிறது. இலங்கையின் வடக்கே முகமாலையில் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் மண்ணைச் சுரண்டி மிதிவெடி அகற்றிய பெண்களை அறிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதனால் மொத்த விளையாட்டும் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். பொதுச் சர்வர்களில் ஓடும் பெரும்பாலான ஆட்டங்களில் ஊர்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன. தன் தரப்பினரைத் தொடர்ந்து சுடுபவரை அவருடைய அணியே எதிரியாகக் கருதிச் சுடும் என்ற ஏற்பாடு மூல விளையாட்டில் உண்டு. அது ஒழுங்கைக் காக்கும் தண்டனை மட்டுமே, இறந்தவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. உங்கள் மகன் வயதில் சிறியவர் என்றால் இந்த விளையாட்டே வேண்டாம். வளர்ந்தவர் என்றால், அந்தப் போர்ச் சட்டங்கள் தொகுப்பின் கதையை அவர் விளையாடும்போது நீங்கள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்; உங்களுக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்ல அது இடம் கொடுக்கும்.

கேள்வி: போர்க் காட்சிகள் என்று வாட்ஸ்ஆப்பில் வரும் வீடியோக்கள் சில இந்த விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– சென்னை வாசகர்

பதில்: நெடுங்காலமாக நடந்துவரும் கேடு இது. 2011-இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி, ஐரிஷ் குடியரசுப் படை ஒரு ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்திய காட்சி என்று ஓர் ஆவணப்படத்தில் காட்டியது ஆர்மா 2-இல் எடுக்கப்பட்ட படம். 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் பாகிஸ்தான் தாக்குதல் நடத்துகிறது என்று சில இந்தியத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பியது ஆர்மா 3 காட்சி. உக்ரைன் போரின்போது இது பெருகியதால், 2022 நவம்பரில் நிறுவனமே அறிக்கை வெளியிட்டு, இத்தகைய வீடியோக்களை அடையாளம் காணும் வழிகளைச் சொன்னது.

படம் மங்கலாகவும் கேமரா ஆடிக்கொண்டும் இருக்கும்; பெரும்பாலும் இரவுக் காட்சியாக இருக்கும்; ஒலி இராது. இவை குறைகளை மறைக்கச் செய்யப்படுபவை. மனிதர்கள் அரிதாகவே தெரிவார்கள். ஏனென்றால் இந்த விளையாட்டில் வாகனங்களும் வெடிப்புகளும் உண்மைபோல் இருந்தாலும் மனித அசைவுகள் விறைப்பானவை, பார்த்ததும் தெரிந்துவிடும். புகையும் தூசியும் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப எழும். 2017-இல் சேர்க்கப்பட்ட விமான எதிர்ப்புப் பீரங்கி இருட்டில் ஒளிக்கோடாகச் சுடும் காட்சியே அதிகம் சுற்றுகிறது. உண்மையான போரில் அந்தப் பக்கம் யாராவது பேசுவார்கள், அலறுவார்கள், ஓடுவார்கள். அது எதுவும் இல்லாத வீடியோவைப் பகிர வேண்டாம்.

கேள்வி: ஆர்மா ரிஃபோர்ஜர் வந்துவிட்டது, ஆர்மா 4 வரப்போகிறது என்கிறார்கள். இப்போது 3-ஐ வாங்கலாமா? வாங்கினால் எங்கே தொடங்குவது?
– பொறியாளர், பெங்களூரு

பதில்: ரிஃபோர்ஜர் புதிய எஞ்சினில் அமைந்தது, 1989-ஆம் ஆண்டுப் பனிப்போர்க் காலத்தில், எவரான் என்ற தீவில் நடப்பது, பார்வைக்கும் அசைவுக்கும் பல படி மேலானது. நண்பர்களோடு மட்டும் விளையாடுவீர்கள் என்றால் நேரே அதற்கே போகலாம். தனியாக விளையாடுபவருக்கும், பணிகளைத் தானே உருவாக்கிப் பார்க்க விரும்புபவருக்கும் ஆர்மா 3-இல் குவிந்திருக்கும் செல்வம் அதிகம். விலை குறையும் நாட்களில் வாங்குங்கள்; மூல விளையாட்டோடு போர்ச் சட்டங்கள் தொகுப்பை மட்டும் சேர்த்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும்.

கதையிலோ பொதுச் சர்வரிலோ தொடங்க வேண்டாம். பணிகளை உருவாக்க உதவும் எடிட்டரைத் திறந்து, ஸ்ட்ராடிஸ் தீவைத் தேர்ந்தெடுத்து, ஆகியா மரினா ஊருக்கு மேலே உள்ள சரிவில் உங்களை ஒரு சாதாரணத் துப்பாக்கி வீரராக நிறுத்துங்கள். ஊருக்குள் எதிரி அணி ஒன்றை வைத்து, அது தெருக்களைச் சுற்றி வருமாறு வழிப்புள்ளிகள் இடுங்கள். பத்து நிமிட வேலைதான். சுட்டதும் எதிரி எப்படிப் பிரிகிறான், ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு தொலைவில் உங்கள் குறி தவறத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு அதே பணியில் நேரத்தை இரவாக மாற்றி ஒருமுறை, மழை பெய்யவைத்து ஒருமுறை விளையாடுங்கள். அப்போதும் சலிப்பாகத் தோன்றினால், விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்து, வாங்கி 14 நாட்கள் ஆகாதிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.